மாவோரிகளுக்கு இழப்பீடு கொடுத்தாயிற்று. பிறகும் எதற்குச் சுயநிர்ணயம்?

கேள்வி இதுதான்: நியூசிலாந்து அரசு அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகளிடம் முறைப்படி மன்னிப்புக் கேட்டிருக்கிறது, கோடிக்கணக்கான டாலர் இழப்பீடு கொடுத்திருக்கிறது, நிலத்தில் ஒரு பகுதியைத் திருப்பியும் கொடுத்திருக்கிறது. குடியேற்ற நாடுகளில் இந்த அளவுக்கு இறங்கி வந்தவர்கள் குறைவு. அப்படியிருந்தும் மாவோரிகள் ஏன் இன்னும் தன்னாட்சி, சுயநிர்ணயம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்?

சுருக்கமான விடை: அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டவை இரண்டு. ஒன்று நிலம். மற்றொன்று அந்த நிலத்தையும் அதில் வாழும் மக்களையும் பற்றித் தாங்களே முடிவெடுக்கும் அதிகாரம். முதலாவதற்குச் சிறிய அளவில் ஈடு செய்யப்பட்டது. இரண்டாவதை நாடாளுமன்றம் ஆங்காங்கே கொடுத்துப் பார்த்திருக்கிறது. ஆனால் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமையை ஒருபோதும் விட்டுக்கொடுக்கவில்லை. கேள்வி நியாயமானதுதான், ஆனால் இழப்பீட்டையும் சுயநிர்ணயத்தையும் ஒரே கணக்கில் எழுதுவதால்தான் அது எழுகிறது. இவற்றைப் பிரித்துப் பார்க்க, கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது.

1840 பிப்ரவரி 6 அன்று வைடாங்கியில் பிரிட்டிஷ் அரசியின் சார்பில் வில்லியம் ஹாப்சனும் மாவோரித் தலைவர்களும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அடுத்த சில மாதங்களில் அது நாடு முழுவதும் கொண்டுசெல்லப்பட்டு, 500-க்கும் மேற்பட்ட தலைவர்கள் ஒப்பமிட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒப்பமிட்டது மாவோரி மொழிப் பிரதியில். அந்தப் பிரதியின்படி அரசிக்குக் கிடைத்தது ஆளுகை செய்யும் உரிமை. தங்கள் நிலங்கள், ஊர்கள், மதிப்புமிக்க உடைமைகள் ஆகியவற்றின் மீதான முழுத் தலைமை அதிகாரம் தலைவர்களிடமே இருக்கும். ஆங்கிலப் பிரதியோ இறையாண்மை முழுவதும் அரசியிடம் ஒப்படைக்கப்பட்டதாகச் சொல்கிறது. எது சரியான பொருள் என்று இன்றும் வாதிடுகிறார்கள். ஆனால் அன்றைய நிலையை நினைத்துப் பார்த்தால் விடை தேடுவது கடினமல்ல: அப்போது அந்தத் தீவுகளில் ஐரோப்பியர்கள் ஏறத்தாழ 2,000 பேர், மாவோரிகள் அவர்களைப் போல முப்பது மடங்குக்கும் மேல். தங்கள் நாட்டில் ஒண்ட வந்த ஒரு சிறு கூட்டத்திடம் முழு அதிகாரத்தையும் தாரை வார்க்க எந்தத் தலைவருக்கும் காரணம் இருக்கவில்லை.

இருபது ஆண்டுகளுக்குள் எண்ணிக்கை புரண்டது. குடியேறிகளின் நிலப்பசியைத் தடுக்க, வடதீவின் நடுப்பகுதி இனக்குழுக்கள் ஒன்றுகூடி 1858-இல் போத்ததாவ் தே வெரோவெரோவைத் தங்கள் மன்னராக்கின. நிலத்தை விற்பதில்லை என்பதே அந்த மன்னர் இயக்கத்தின் அடிநாதம். அதை ஆளுநர் ஜார்ஜ் கிரே அரசியின் அதிகாரத்துக்கு விடுக்கப்பட்ட சவாலாகவே கண்டார். 1863 ஜூலையில் பிரிட்டிஷ் ஜெனரல் கேமரனின் படை மங்கதாஃபிரி ஓடையைக் கடந்து, மன்னர் இயக்கத்தின் மையமான வைகாட்டோவுக்குள் நுழைந்தது. அதே ஆண்டு இயற்றப்பட்ட குடியேற்றச் சட்டம், 'கலகக்காரர்'களின் நிலத்தைப் பறிமுதல் செய்ய வழிவகுத்தது. வைகாட்டோவில் மட்டும் சுமார் 12 லட்சம் ஏக்கர் பறிபோனது. கலகத்தில் சேராதவர்களின் நிலமும் அதில் அடங்கும் என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

பறிமுதலைக் காட்டிலும் அமைதியான ஒரு வழி அதைவிடப் பெரிய அளவில் நிலத்தைக் கொண்டுபோனது. 1865-இல் நிறுவப்பட்ட பூர்வகுடி நில நீதிமன்றம், ஓர் இனக்குழு முழுவதும் கூட்டாக அனுபவித்துவந்த நிலத்துக்குத் தனிநபர்களின் பெயரில் பட்டா எழுதியது. தொடக்கத்தில் ஒரு நிலத்துக்குப் பத்துப் பேருக்கு மேல் பெயர் சேர்க்க இயலாது என்று நடைமுறை இருந்தது. நூற்றுக்கணக்கானோரின் நிலம் பத்துப் பேரின் சொத்தாக மாறியது. விசாரணைக்காக வாரக்கணக்கில் நகரத்தில் தங்கிய செலவு, அளவைக் கட்டணம், கடைக்காரரிடம் ஏறிய கடன் என்று சேர்ந்து, வழக்கில் வென்றவரும் நிலத்தை விற்றுத்தான் வீடு திரும்ப வேண்டியிருந்தது. இந்த இடத்தில் நான் சற்று அழுத்திச் சொல்ல விரும்புவது: நிலம் கைமாறியது பாதிக் கதைதான். கூடி முடிவெடுக்கும் ஓர் அமைப்பைக் கலைத்து, தனித்தனிப் பங்குதாரர்களாக மக்களைச் சிதறடித்ததே அந்தச் சட்டத்தின் பெரிய சேதம். அந்தச் சேதத்துக்கு டாலரில் விலை போட எந்தக் கணக்கரும் இல்லை.

இழப்பீட்டின் வரலாறு 1995-இல் தொடங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. தென்தீவின் ஙாய் தாஹு இனக்குழு 1849-லிருந்தே முறையிட்டு வந்தது. 1848-இல் கெம்ப் என்ற அரசு முகவர் ஒரே பத்திரத்தில், 2,000 பவுண்டுக்கு, ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஏக்கரை வாங்கியிருந்தார். அந்த மக்களுக்கென ஒதுக்கப்பட்டது 6,359 ஏக்கர். வாக்களித்த பள்ளிகளும் மருத்துவமனைகளும் வரவில்லை. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முறையீட்டுக்குப் பிறகு, 1944-இல் ஆண்டுக்கு 10,000 பவுண்டு வீதம் முப்பது ஆண்டுகளுக்குக் கொடுப்பதாகச் சட்டம் வந்தது. வைகாட்டோவுக்கும் 1946-இல் அதுபோன்ற ஆண்டுத் தொகை நிர்ணயிக்கப்பட்டது. இரண்டுமே 'விவகாரம் முடிந்தது' என்ற நோக்கில் செய்யப்பட்டவை. பணவீக்கம் அந்தத் தொகைகளைத் தின்று தீர்த்தது, விவகாரம் முடியவில்லை.

1975-இல் மூத்த பெண்மணியான ஃபினா கூப்பரின் தலைமையில், வடதீவின் வடகோடியிலிருந்து வெலிங்டன் நாடாளுமன்றம் வரை நிலப் பேரணி நடந்தது. அதே ஆண்டு வைடாங்கித் தீர்ப்பாயம் அமைந்தது. ஆனால் அன்றைய தேதிக்குப் பிறகு அரசு செய்யும் ஒப்பந்த மீறல்களை மட்டுமே அது விசாரிக்கலாம். அதாவது, திருட்டு நடந்து முடிந்த பின் வந்த காவலருக்கு, இனி நடப்பதை மட்டும் பார் என்று உத்தரவு. 1977–78-இல் ஆக்லாந்தின் பாஸ்டியன் முனையில் 506 நாள் நீடித்த நில ஆக்கிரமிப்புப் போராட்டத்தைக் காவல்துறையும் ராணுவமும் சேர்ந்து அகற்றி, 222 பேரைக் கைது செய்தன. இத்தகைய அழுத்தங்களுக்குப் பிறகே 1985-இல் தீர்ப்பாயத்தின் வரம்பு 1840 வரை பின்னோக்கி நீட்டப்பட்டது. தீர்ப்பாயம் விசாரித்துப் பெரும்பாலும் பரிந்துரை மட்டுமே செய்யும். ஏற்பதும் தள்ளுவதும் அரசின் விருப்பம். தனியார் கையில் உள்ள நிலத்தைத் திருப்பித் தரச் சொல்லிப் பரிந்துரைப்பதும் 1993-இல் தடுக்கப்பட்டுவிட்டது.

பிறகு அரசு ஒரு காரியம் செய்தது. இன்றைய கசப்புக்குப் பெரிய காரணம் அதுவே என்று கருதுகிறேன். வரலாற்றுக் கோரிக்கைகள் அனைத்துக்கும் சேர்த்து 100 கோடி நியூசிலாந்து டாலர் என்ற உச்சவரம்பை, எவரையும் கேட்காமல், எந்த இழப்பையும் அளக்காமல், 1994-இல் தானே அறிவித்தது. நாடெங்கும் நடந்த மாவோரிக் கூட்டங்கள் அதை ஒருமுகமாக நிராகரித்தன. கடன்பட்டவரே கடனின் தொகையையும் நிர்ணயிப்பது எந்த ஊர் வழக்கம் என்று அவர்கள் கேட்டதில் தவறு காண முடியவில்லை. ஆனாலும் பேச்சுவார்த்தை அந்த வரம்புக்குள்தான் நடந்தது.

1995-இல் வைகாட்டோ-தைனூயி உடன்பாடு கையெழுத்தானது. மதிப்பு 17 கோடி டாலர். பறிபோன 12 லட்சம் ஏக்கரில் திரும்பி வந்தது ஏறத்தாழ 39,000 ஏக்கர். வைகாட்டோ மக்களிடம் நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு கொள்கை உண்டு: நிலமாகப் போனது நிலமாகவே திரும்ப வேண்டும், பணம் என்பது செய்த குற்றத்துக்கான ஈடு. பேச்சுவார்த்தையை நடத்திய ராபர்ட் மஹுதா இதை விடாமல் பிடித்துக்கொண்டார். பணமாக வாங்கிக்கொண்டு ஒதுங்காமல், ஹாமில்டனில் பல்கலைக்கழகம் நிற்கும் நிலம், தே ரப்பாவில் இருந்த பழைய விமானப்படைத் தள நிலம் என்று அரசிடம் எஞ்சியிருந்தவற்றைக் கேட்டு வாங்கினார்கள். அந்த விமானப்படை நிலத்தில் இன்று நாட்டின் மிகப் பெரிய வணிக வளாகங்களில் ஒன்று நடக்கிறது. உடன்பாட்டுச் சட்டத்தில் அரசின் மன்னிப்பு வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது: படையெடுப்பையும் அதனால் ஏற்பட்ட உயிரிழப்பையும் பறிமுதலையும் தவறென ஒப்புக்கொண்டு, நிபந்தனையின்றி வருந்துகிறது. அந்தச் சட்டத்துக்கு இரண்டாம் எலிசபெத் அரசியே 1995 நவம்பரில் வெலிங்டனில் நேரில் ஒப்பமிட்டார்.

மூன்றாண்டுகள் கழித்து ஙாய் தாஹுவுக்கும் அதே 17 கோடி. இரு குழுக்களும் தங்கள் உடன்பாட்டில் ஒரு விதியைச் சேர்த்துக்கொண்டன: மொத்த இழப்பீடு, 1994-ஆம் ஆண்டு மதிப்பில் 100 கோடியைத் தாண்டினால், அந்த மொத்தத்தில் முறையே 17 சதவீதமும் 16.1 சதவீதமும் தங்களுக்கு வந்து சேரும்படி அரசு மேற்கொண்டு கொடுக்க வேண்டும். அந்த எல்லை 2012-இல் தாண்டப்பட்டது. முதலில் கையெழுத்திட்டவர்களின் சாமர்த்தியம் என்று இதைப் பாராட்டலாம். பின்னால் வந்த சிறிய குழுக்களுக்கு அப்படியொரு காப்பு இல்லை என்பதும் உண்மை.

இதுவரை எண்பதுக்கும் மேற்பட்ட உடன்பாடுகள் முடிந்து, மொத்தத் தொகை 200 கோடி டாலரைக் கடந்துவிட்டது. பெரிய தொகையாகத் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று: 2010-இல் சவுத் கேன்டர்பரி ஃபைனான்ஸ் என்ற ஒரே நிதி நிறுவனம் கவிழ்ந்தபோது, அதில் பணம் போட்டவர்களுக்கு அரசு தன் உத்தரவாதத்தின்படி 150 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது, அதற்குச் சில நாட்களே பிடித்தன. பறிபோனதன் மதிப்பில் இழப்பீடு ஒன்றிரண்டு சதவீதம் தேறும் என்பது பரவலான மதிப்பீடு. எஞ்சிய பெரும்பகுதியை மாவோரிகள் நாட்டுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்று பார்ப்பதே பொருத்தம்; 'இவ்வளவு கொடுத்தோமே' என்ற பேச்சில் இந்தப் பக்கம் வருவதே இல்லை.

இந்தப் பணத்தைத் திறமையாகப் பெருக்கியவர்கள் இருக்கிறார்கள். ஙாய் தாஹுவின் சொத்து இன்று பன்மடங்கு வளர்ந்திருக்கிறது. 2006-லிருந்து உறுப்பினர்களின் சேமிப்புக்கு இனக்குழுவும் பங்கு போடும் திட்டம் ஒன்றை நடத்துகிறார்கள். ஆனால் ஒரு முதலீட்டு நிறுவனத்தை நன்றாக நடத்துவதும் தன்னைத் தானே ஆள்வதும் ஒன்றல்ல. பள்ளிப் பாடத்திட்டம், குழந்தைகளை அரசுக் காப்பகத்தில் சேர்க்கும் முடிவு, சிறை, மருத்துவமனை, ஆற்றிலிருந்து எவ்வளவு தண்ணீர் எடுக்கலாம் என்பது போன்றவற்றில் வைகாட்டோவுக்கும் ஙாய் தாஹுவுக்கும் பேச்சுரிமையும் ஆலோசனை உரிமையும் கிடைத்தனவே தவிர, பெரும்பாலும் தீர்மானிக்கும் உரிமை கிடைக்கவில்லை.

தீர்மானிக்கும் உரிமை உண்மையிலேயே இடம் மாறிய ஓர் உதாரணத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். வடதீவின் கிழக்கில் உள்ள மலைக்காட்டில் வாழும் தூஹோ மக்கள் வைடாங்கி ஒப்பந்தத்தில் கையெழுத்திடவே இல்லை. 1866-இல் அவர்களுடைய சமவெளி நிலம் பறிமுதலானது. 1896-இல் ஒரு சட்டம் அவர்களுக்கு உள்ளூர்த் தன்னாட்சி வாக்களித்தது. ஆனால் அரசே பின்வாசல் வழியாகத் தனிநபர் பங்குகளை வாங்கிக் குவித்து, 1922-இல் அந்த ஏற்பாட்டைக் கலைத்தது. 1954-இல் எஞ்சிய காடு தே உரெவெரா தேசியப் பூங்கா ஆனது. 2007 அக்டோபர் 15 அன்று, பயங்கரவாத ஒடுக்கச் சட்டத்தின் பெயரில் ஆயுதம் தாங்கிய காவலர்கள் ரூவாத்தோக்கி ஊரைச் சுற்றி வளைத்து, சாலையில் தடுப்புப் போட்டு, வண்டிகளில் வந்தவர்களை நிறுத்திப் படம் பிடித்தார்கள். தடுப்பு போடப்பட்ட இடம் 1866-இன் பறிமுதல் எல்லைக்கோடு. அந்தத் தடுப்பும் சோதனையும் சட்டத்துக்குப் புறம்பானவை என்று காவல்துறையைக் கண்காணிக்கும் ஆணையம் பின்னர் கண்டது. காவல்துறைத் தலைவர் 2014-இல் அந்த ஊருக்கே போய் மன்னிப்புக் கேட்டார்.

அந்தப் பின்னணியில்தான் தூஹோ பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தது. அவர்கள் கேட்டது முதலில் பணமல்ல, காடும் தன்னாட்சியும். காட்டின் உரிமையைத் தர முடியாது என்று 2010-இல் பிரதமர் ஜான் கீ கைவிரித்ததால் பேச்சு முறியும் நிலைக்குப் போனது. கடைசியில் கண்ட வழி வேறு: 2014-இன் தே உரெவெரா சட்டம் அந்த 2,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான காட்டைத் தேசியப் பூங்கா என்ற நிலையிலிருந்து விடுவித்து, தனக்கென உரிமைகள் கொண்ட ஒரு சட்டநபராக்கியது. காடு அரசுக்கும் சொந்தமில்லை, தூஹோவுக்கும் சொந்தமில்லை. அது தனக்கே சொந்தம். அதன் சார்பில் பேசும் வாரியத்தில் முதல் மூன்று ஆண்டுகள் இரு தரப்புக்கும் சரிபாதி இடம். அதன் பிறகு ஒன்பது பேரில் ஆறு பேர் தூஹோ நியமிப்பவர்கள். 2017-இல் வாங்கனூயி நதிக்கும் சட்டநபர் தகுதி கிடைத்தபோது உலகப் பத்திரிகைகள் 'நதிக்கு மனித உரிமை' என்று வியந்து எழுதின. அந்த வியப்பைவிட வாரியத்தில் ஒன்பதில் ஆறு என்ற எண்ணிக்கைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. யாருக்குப் பெரும்பான்மை என்பதில்தான் சுயநிர்ணயம் இருக்கிறது.

இதைச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. 2022-இல் காட்டுக்குள் இருந்த பழைய மலையேற்றக் குடில்களை தூஹோ நிர்வாகம் அகற்றத் தொடங்கியபோது, தூஹோ மக்களிலேயே ஒரு பகுதியினர் எதிர்த்து உயர் நீதிமன்றம் போனார்கள். சுயநிர்ணயம் வந்தால் எல்லோரும் ஒரே குரலில் பேசுவார்கள் என்று யாரும் வாக்களிக்கவில்லை. தங்களுக்குள் சண்டையிட்டுத் தீர்த்துக்கொள்ளும் உரிமையும் அதில் அடக்கம்.

இனி, கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். நியூசிலாந்தில் தனியாக எழுதிவைத்த ஓர் உயர் அரசமைப்புச் சட்டம் இல்லை; நாடாளுமன்றத்துக்கு மேல் எதுவும் இல்லை. ஒப்பந்தத்தை ஒரு சட்டத்தில் சேர்த்தால்தான் நீதிமன்றம் அதை அமல்படுத்தும். 1987-இல் மாவோரி மன்றம் தொடுத்த வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசு நிலங்களின் கைமாற்றத்தைத் தடுக்க முடிந்ததற்குக் காரணம், அரசு நிறுவனச் சட்டத்தில் ஒப்பந்தத்தின் கோட்பாடுகளைக் குறிப்பிடும் ஒரு பிரிவு இருந்ததுதான். அந்தப் பிரிவு இல்லையென்றால் வழக்கே இல்லை. சாதாரணப் பெரும்பான்மையால் வந்தது சாதாரணப் பெரும்பான்மையால் போகும். கடற்கரை நிலத்தின் மீது உரிமை கோரி மாவோரிகள் நீதிமன்றம் போகலாம் என்று 2003-இல் தீர்ப்பு வந்தது. அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் சட்டம் போட்டு அந்தக் கதவை மூடியது. 2022-இல் மாவோரி சுகாதார ஆணையம் தொடங்கப்பட்டது. 2024 பிப்ரவரியில், தீர்ப்பாயம் அதன் ஒழிப்பை விசாரிக்க நாள் குறித்திருந்த வேளையில், அரசு அவசர நடைமுறையில் ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றி முடித்துவிட்டது.

பணம் கொடுத்தால் கணக்குத் தீரும் என்ற எண்ணத்தை நேராக மறுத்தவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். கருங்குன்றுகள் (பிளாக் ஹில்ஸ்) என்ற மலைப்பகுதியைச் சட்டவிரோதமாகப் பறித்ததற்கு, அங்குள்ள பூர்வகுடிகளான சூ இனத்தவருக்கு வட்டியுடன் 10 கோடி டாலருக்கு மேல் தர வேண்டும் என்று 1980-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. வாங்கினால் நிலத்தின் மீதான கோரிக்கை முடிந்துவிடும் என்பதால் அவர்கள் இன்றுவரை அதைத் தொடவில்லை. தொகை அரசுக் கணக்கிலேயே வட்டி சேர்த்து 100 கோடியைத் தாண்டிவிட்டது. மாவோரிகள் வேறு பாதையைத் தேர்ந்தார்கள்: கிடைத்ததை வாங்கி, அதைக் காலூன்றும் தளமாக்கிக்கொண்டு, மீதியைத் தொடர்ந்து கேட்பது. எது சரி என்று வெளியிலிருந்து சொல்ல எனக்குத் தகுதியில்லை.

பூர்வகுடிகளின் உரிமைகள் குறித்த ஐ.நா. பிரகடனம் 2007-இல் வந்தபோது எதிர்த்து வாக்களித்த நான்கு நாடுகளில் நியூசிலாந்தும் ஒன்று. 2010-இல் அது தன் ஆதரவைத் தெரிவித்தது. அந்தப் பிரகடனம் சொல்லும் சுயநிர்ணயம் தனிநாடு அல்ல. நாட்டின் எல்லை குலையாமல், உள் விவகாரங்களில் தன்னாட்சி. ஆகவே 'சுயநிர்ணயம் கேட்பது பிரிவினை' என்ற அச்சம் பொருந்தாது.

மிகப் பெரிய இனக்குழுவான ஙாப்புஹி இன்னும் எந்த உடன்பாட்டிலும் கையெழுத்திடவில்லை. 1840-இல் தங்கள் தலைவர்கள் இறையாண்மையை ஒப்படைக்கவில்லை என்று 2014-இல் வைடாங்கித் தீர்ப்பாயமே அவர்கள் விஷயத்தில் கண்டறிந்தது. அரசின் பதில், அரசுக்கு இறையாண்மை உண்டு என்பதில் ஐயமில்லை, இந்த அறிக்கை அதை மாற்றாது என்பதாக இருந்தது. ஒப்பந்தக் கோட்பாடுகளுக்கு நாடாளுமன்றமே புதிதாகப் பொருள் வகுக்கலாம் என்ற மசோதா 2024-இல் வந்தபோது பல்லாயிரம் பேர் வெலிங்டனுக்குப் பேரணியாக வந்தார்கள். 2025 ஏப்ரலில் அது 112-க்கு 11 என்ற வாக்குகளில் தோற்றது. தோற்றது உண்மை. ஆனால் ஓர் ஒப்பந்தத்தின் ஒரு தரப்பு மட்டும் கூடி அதன் பொருளை மாற்றி எழுத முயலலாம் என்ற அளவில் அந்த நாட்டின் அமைப்பு இன்னும் இருக்கிறது. மாவோரிகள் மாற்றக் கேட்பது அதைத்தான்.